ஒன்பது விசில்

உப்பளத்துக்கு நடுவில் இருந்தது நீலாம்மாவின் குடில். உச்சிவேளையில் பார்த்தால் உப்புக் குவியல்கள் தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதக்கும். குடிலும் மிதக்கும். அங்கே போகிறவர்களுக்குத் தாங்களும் மிதக்கிறோமோ என்று லேசாகச் சந்தேகம் வந்துவிடும்.

கோமதிநாயகத்துக்கு மட்டும் அன்று அந்தச் சந்தேகம் வரவில்லை. வலது கால் கட்டைவிரல் அவரைத் தரையோடு சேர்த்து ஆணி அடித்து வைத்திருந்தது.

காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய குரு நீலாம்மாவுக்கு அவர் வயதில் பாதிகூட இராது. இருந்தாலும் இவர் ‘அம்மா’ என்பார், நீலாம்மா ‘ஐயா’ என்பார். பல வருஷமாக இவர் கேட்டுக்கொண்டிருந்த தீட்சை மறுநாள் விடியலில் கிடைப்பதாக இருந்தது. உப்பளத்தின் குறுக்கே நடந்து கடலுக்குப் போய், அலையில் நின்று, காதில் மந்திரம் வாங்க வேண்டும். இன்றைக்குப் பார்த்து விரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கிவிட்டது. வேட்டி நுனி பட்டாலே உயிர் போகிறது.

முன்பு ஒருமுறை இப்படி வீங்கியபோதே டவுனில் டாக்டர் ரெஜினா ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, யூரிக் அமிலம் ஏறி மூட்டில் உப்பாகப் படிந்திருக்கிறது என்று இரண்டு மாத்திரை எழுதியிருந்தார். ஒன்று, உப்பைக் கரைக்க, தினமும். மற்றது, வலி கிளம்பினால் அடக்க, சொன்ன அளவு மட்டும். கரைக்கிற மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் வலி திரும்பவும் வந்துவிட்டது. கோமதிநாயகத்துக்குக் கோபம். நீதானே கிளப்பிவிட்டாய் என்று அதை அப்படியே நிறுத்திவிட்டார். அடக்குகிற மாத்திரையைச் சொன்ன அளவு விழுங்கினார். போதாதென்று காலையில் மேற்கொண்டும் விழுங்கினார். வயிறு கடமுடா என்று உருண்டு, இரண்டு தரம் கொல்லைக்கு ஓடியாயிற்று. வலி அசையவில்லை.

மிச்சம் இருந்ததை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, சொம்பில் தண்ணீரோடு குருவின் முன்னால் உட்கார்ந்தார். நாளைக்கு எப்படியும் நடந்தாக வேண்டும், மொத்தத்தையும் போட்டுவிட்டால் வலி ஒரேயடியாக ஓடிவிடாதா என்று கேட்டார்.

நீலாம்மா குனிந்து அவருடைய கட்டைவிரல் பக்கம் காதை வைத்தார். குரு தன் காலடியில் குனிவதைப் பார்த்துக் கோமதிநாயகம் பதறினார். காலை இழுக்கத்தான் முடியவில்லை.

பிறகு கட்டைவிரல் பேசியது. அசைந்தது நீலாம்மாவின் வாய்தான். குரலோ கோமதிநாயகத்தின் சொந்தக் குரல், மூக்கில் ஏறிய அந்தப் பழைய கரகரப்போடு.

“உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல காலியாத்தானே கிடக்கு. படியில நிக்காதீங்க.”

வலியோடு வலியாக அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கானலில் ஒரு பஸ் மிதந்து வருவது தெரிந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு மனிதர்கள், எல்லாருக்கும் கூரான முழங்கை. வருஷக்கணக்காக ஏறிக்கொண்டே இருந்தவர்கள். ஒருவர்கூட இறங்கினதில்லை.

“இப்பத்தான் இறங்க ஆரம்பிச்சிருக்காங்க,” என்றார் நீலாம்மா. “எப்படி இருக்கும் ஐயா?”

“மிதிபடும்மா. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் இடி ஜாஸ்தி.”

“அப்போ கதவைச் சாத்திடுவீங்களா?”

“அதெப்படிச் சாத்துறது? பாதிப் பேரு இன்னும் உள்ள இருக்காங்களே.”

சொல்லிவிட்டு அவர் கட்டைவிரலைப் பார்த்தார்.

“ஒரு விசில் அடிச்சா?” என்றார் நீலாம்மா.

“வண்டி நிக்கும்.”

“ரெண்டு?”

“கிளம்பும்.”

“சீக்கிரம் போகணும்னு ஒன்பது அடிச்சா?”

கானலில் அந்த பஸ் தள்ளாடியது.

“டிரைவர் மிரண்டுடுவாரும்மா. யாரோ சக்கரத்துல மாட்டிக்கிட்டாங்கன்னு நினைச்சு ஸ்டியரிங்கை ஒடிப்பாரு. வண்டி பள்ளத்துக்குப் போயிரும்.”

அவர் பார்வை உள்ளங்கையில் இருந்த மாத்திரைகளுக்குப் போனது. கை தானாகவே சொம்பைத் தள்ளி வைத்தது.

நீலாம்மா போனை அவர் பக்கம் நகர்த்தினார்; கோமதிநாயகம் டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். டாக்டர் ரெஜினா முதலில் எத்தனை விழுங்கினீர்கள் என்று கேட்டார். பிறகு அந்த மாத்திரை இனி ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது என்றார். வயிறு போகிறது என்றால் அளவு மிஞ்சிவிட்டது, உடனே ஆட்டோ பிடித்து வாருங்கள், கையில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கரைக்கிறதை யார் நிறுத்தச் சொன்னது? கரையத் தொடங்கும்போது வலி தலைகாட்டும்தான். பார்த்துவிட்டுத் திரும்ப எப்படி ஆரம்பிப்பது என்று நான் சொல்கிறேன். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் அதை அக்கணமே நிறுத்திவிட்டு ஓடி வரணும், மற்றபடி என்னைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

ஆட்டோ வந்து நின்றது. மாத்திரைகளை டப்பாவில் போட்டு மூடிய கோமதிநாயகத்துக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

“நாளைக்கு நான் கடலுக்கு வர முடியாதேம்மா.”

“காதைக் கொடுங்க ஐயா.”

நீலாம்மா இரண்டு கையையும் அவர் காதோரம் குவித்தார். இந்த முறை வேறு யாருடைய குரலும் இல்லை. நீலாம்மாவின் சொந்தக் குரல். அது இவ்வளவு மெல்லியது என்று கோமதிநாயகத்துக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

“டாக்டர் சொன்ன அளவு. வலி இல்லாத நாளிலும்.”

கண்ணை மூடியபடி அவர் மீதிக்காகக் காத்திருந்தார். உப்பின் மேல் காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்து, மீதி மந்திரம் எங்கே என்று கேட்டார். மீதி கிடையாது என்றார் நீலாம்மா.

கோமதிநாயகம் முறை தவறாதவர். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் தலையை வெளியே நீட்டினார்.

“தீட்சை மந்திரத்தை யார்கிட்டயும் சொல்லக்கூடாதில்லம்மா?”

“இதைத் தாராளமாச் சொல்லலாம். ஆட்டோக்காரர்கிட்டயே சொல்லுங்க, அவரும் காலை நொண்டிக்கிட்டுத்தான் வந்தாரு. மாத்திரையை மட்டும் எடுத்து நீட்டிடாதீங்க.”