மதுரை முகாமில் கொடுத்த தாள்

லில்லி புஷ்பம் டீச்சரிடம் கதை எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஆவுடையப்பன்தான் மூத்தவர். டீச்சரைவிடப் பதினாறு வயது கூட. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில் சனிக்கிழமை காலைதோறும் வகுப்பு. அவர் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். இரண்டு வருடத்தில் பதினோரு கதைகளை ஆரம்பித்திருந்தார். ஒன்றையும் முடிக்கவில்லை.

டீச்சர் கேட்டால் சிரிப்பார்.

"கதை தானா வரணும்லா டீச்சர். வந்துட்டா ஒரே மூச்சுல எழுதிருவேன்."

அதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. காரணம், அவரிடம் ஒரு தாள் இருந்தது.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், ஆட்டம் பாட்டம் எழுத்து என்று ஆர்வம் உள்ள ரயில்வே ஊழியர்களுக்காக மதுரையில் மூன்று நாள் முகாம் நடந்தது. கரிசல்குளம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் போனார்கள். ஆவுடையப்பன் ஆண்டுவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதியிருந்தார். லெவல் கிராசிங்கில் கேட் கீப்பராக இருந்த ஸ்தனிஸ்லாஸ் நன்றாகப் பாடுவார்.

முகாமுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். வந்திருந்த நாற்பத்திரண்டு பேருக்கும் ஐம்பது கேள்விகள் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னார். கடைசி நாள் ஒவ்வொருவர் கையிலும் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். "இது உங்களைப் பற்றியது. அடுத்தவரிடம் காட்ட வேண்டாம்" என்றார்.

ஆவுடையப்பன் அதை ஊர் திரும்பும் ரயிலில் பிரித்தார்.

'உங்களுக்குள் ஒரு படைப்பாளி இருக்கிறார். தனிமை உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் மனிதர்கள் இல்லாமலும் உங்களால் இருக்க முடியாது. சில நேரம் குழந்தைபோல் விளையாடுவீர்கள். சில நேரம் வயதுக்கு மீறிய பக்குவம் தெரியும். விதிகளை மதிப்பீர்கள், காரணம் புரியாத விதி உங்களை உறுத்தும். பிறர் கவனிக்காததைக் கவனிப்பீர்கள். உங்கள் அருகில் இருப்பவர்களே உங்களை இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை.'

படித்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பக்கத்தில் இருந்த ஸ்தனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார்.

"உங்களைப் பக்கத்துல வச்சுப் பார்த்து எழுதுன மாதிரி இருக்கே சார்."

"உமக்கு என்ன போட்டிருக்கான்?"

"எனக்கா? பாட்டைப் பத்தி என்னமோ எழுதியிருக்கான் சார்" என்று ஸ்தனிஸ்லாஸ் தான் பிரித்திருந்த உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பனுக்கு இரண்டு முறை பதவி உயர்வு வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று மனைவி கோமதி கெஞ்சினாள்.

"பெரிய ஸ்டேஷன்ல மூச்சுவிட நேரம் கிடையாது கோமு. நான் எழுதணும்லா."

அந்த நாட்கள் அவருக்கு இன்றைக்கும் இனித்தன. ஒரு நாளைக்கு நான்கு பாசஞ்சர். இரண்டு நாற்பது வண்டி போய்விட்டால் ஐந்து மணி வரைக்கும் ஸ்டேஷனில் காக்கைச் சத்தம்தான். வாகை மரத்து நிழல் பிளாட்பாரத்தில் பாதியை மூடியிருக்கும். ஸ்தனிஸ்லாஸ் தூக்குவாளியில் காப்பியோடு வருவார். சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்காருவார்கள். ஆவுடையப்பன் தான் எழுதப்போகும் கதையைச் சொல்லுவார். ஸ்தனிஸ்லாஸ் காலை மடக்கிக்கொண்டு கேட்பார்.

"பெறவு சார்?"

பிறகு என்ன என்று ஆவுடையப்பனுக்குத் தெரியாது. "அது எழுதும்போது வரும்" என்பார். ஸ்தனிஸ்லாஸ் தலையாட்டுவார். பன்னிரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை. இரண்டு தாள்களை எடுத்து டீச்சரின் மேசையில் வைத்தார். இரண்டும் மங்கிப்போன தட்டச்சுத் தாள்கள்.

டீச்சர் ஒன்றைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு என்னுது. இன்னொண்ணு ஸ்தனிஸ்லாஸோடது" என்றார் அவர். "போன மாசம் தூத்துக்குடியில தவறிப்போனார். அவர் மக ஜெசிந்தா முந்தாநாள் வீட்டுக்கு வந்தா. அப்பா பெட்டியில இருந்துச்சு மாமான்னு ஒரு பழைய போட்டோவையும் இந்த உறையையும் கொடுத்தா. பாட்டைப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு பார்ப்போம்னு ஆசையாப் பிரிச்சேன்."

"ஒரே வாசகம்."

"எழுத்து பிசகாம. அன்னைக்கு வந்த நாப்பத்திரண்டு பேருக்கும் இதைத்தான் கொடுத்திருப்பான்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர். ரயில்லயே பார்த்துட்டார். என் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரலையாம். மககிட்டச் சொல்லியிருக்கார், நான் பிரிச்ச பெறவுதான் அவ சொன்னா. என்கிட்ட முப்பத்தெட்டு வருசமாச் சொல்லலை."

"வீட்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். கோமதி சிரிப்பான்னு நினைச்சேன். சிரிக்கலை. அதான் தாங்கலை."

தாள்களைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்:

"டீச்சர், படைப்பாளிக்குன்னு தனியாக் குணம் உண்டா? இல்ல, கேட்கிறவன் மனசு குளிரணும்னு சொல்றதுதானா எல்லாம்? நீங்க சொல்லிட்டா நான் அடுத்த சனிக்கிழமையில இருந்து வரலை. வீட்ல இருந்து பேப்பர் படிச்சுக்கிடுதேன்."

டீச்சர் குடையை எடுத்தாள்.

"உங்க தாளை எடுத்துக்கிட்டு வாங்க அண்ணாச்சி."

முதலில் கீழே இறங்கிப் பக்கத்துத் தையல் கடைக்குப் போனார்கள். மைதீன் பிச்சை மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பாய், உங்களைப் பத்தி ஒரு குறிப்பு. இவர் வாசிப்பாரு, சரியாச் சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

ஆவுடையப்பன் வாசித்தார். மைதீன் பிச்சை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யாரு உங்ககிட்டச் சொன்னா? எங்க வீட்டம்மாவா?"

அடுத்து முக்கில் நின்ற போக்குவரத்துக் காவலர். சின்ன வயதுப் பெண். விதிகளைப் பற்றிய வரி வந்ததும் சிரித்தே விட்டாள். "எங்க இன்ஸ்பெக்டருக்கு இதை ஒரு காப்பி கொடுங்க சார்" என்றாள்.

மார்க்கெட் வாசலில் ஒரு அம்மாள் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஆவுடையப்பனும் கஷ்டப்பட்டுக் குனிந்தார். அந்த அம்மாள் கடைசி வரை கேட்டாள்.

"கடைசியில என்னமோ சொன்னீங்களே ஐயா. அதை இன்னொருக்கா வாசிங்க."

"உங்கள் அருகில் இருப்பவர்களே உங்களை இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டுக் கிழங்கை அவர் கையில் திணித்தாள். எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஆவுடையப்பன் படியேறி அறைக்குள் வந்ததும் தாளை மேசையில் போட்டார்.

"கிளி ஜோசியம்."

"இதுல ஒரு வரி பொய்யின்னு காட்டுங்க" என்றாள் டீச்சர்.

அவர் தாளைப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்.

"பொய்யின்னு சொல்ல முடியலை. ஆனா இது என்னுதுன்னும் சொல்ல முடியலை."

"சரி. ஸ்தனிஸ்லாஸ் எப்படிப்பட்டவர்?"

"ரொம்ப நல்ல மனுசன்."

"மைதீன் பாயும் நல்ல மனுசன்தான்."

"அமைதியானவர். அதிர்ந்து பேசமாட்டார்."

"அப்படி எத்தனையோ பேர் இருக்காங்க."

"அடுத்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு நினைப்பார்."

டீச்சர் மேசையில் கிடந்த தாளைத் தொட்டுக் காட்டினாள்.

"அண்ணாச்சி, நீங்களும் அவருக்கு இந்தத் தாளைத்தானே எழுதுதீங்க."

ஆவுடையப்பனின் முகம் சிவந்தது.  அவரைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்த மனிதர்.

"நாற்பத்திரண்டு பேர்ல அவர் ஒருத்தருக்கு மட்டும் பொருந்துற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. இப்ப வேண்டாம். கிடைச்சதும் வாங்க."

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

அவர் கரிசல்குளத்துக்குப் போயிருந்தார். லெவல் கிராசிங் இருந்த இடத்தில் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டிருந்தார்கள். கேட் கீப்பரின் ஓடு வேய்ந்த அறை இல்லை. வாகை மரம் நின்றது. சிமெண்ட் பெஞ்சுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதில் உட்கார்ந்தார். வெயில் ஏறி இறங்கியது. எதை நினைத்தாலும் தன் குரல்தான் கேட்டது. தான் சொன்ன கதைகள், தான் சொன்ன கனவுகள். பக்கத்தில் இருந்தவர் என்ன பேசினார் என்று அவருக்கு நினைவே வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாளும் போனார். தெற்கேயிருந்து ஒரு வண்டி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஆவுடையப்பன் தன்னை அறியாமல் பக்கத்தில் திரும்பி, "இது யாருவே?" என்று கேட்டார்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. கேட்டை அடைக்க எழுந்துகொண்டே, தூரத்து ஹாரன் சத்தத்தை வைத்தே ஓட்டுநர் யார் என்று ஸ்தனிஸ்லாஸ் சொல்லிவிடுவார். "மரியதாஸ் சார். இழுப்பைப் பாருங்க, வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கார்." "இது முத்தையா, ரிட்டயர்டு ஆகப்போறார்லா, எல்லா ஊர்லயும் சொல்லிக்கிட்டுப் போறார்." ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது ஆவுடையப்பன் போய்ப் பார்ப்பார். ஒரு நாளும் தப்பியதில்லை.

வண்டி கடந்து போய்விட்டது. அவர் தோள் குலுங்க அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தார்.

ஒன்பது நாளில் கதை முடிந்தது. அவர் வாழ்க்கையில் முடித்த முதல் கதை. ஹாரன் சத்தம் அதில் இருந்தது. ரயிலில் எட்டிப் பார்த்துவிட்டு நண்பனுக்காக ஒரு பொய் சொன்ன மனிதர் இருந்தார். கதையை முதலில் கோமதியிடம் கொடுத்தார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படித்தாள்.

"இந்தாளு நம்ம வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்காரு" என்றாள். "நீங்க அவரைப் பேசவே விட்டதில்லை."

மறுநாள் சனிக்கிழமை. அவர் மாடிப்படியேறி வந்தபோது டீச்சர் தனியாக இருந்தாள். கதையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். டீச்சர் முழுவதும் படித்தாள். சில இடத்தில் மறுபடியும் படித்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை.

"இப்பவாவது சொல்லுங்க டீச்சர். அந்தக் குணமெல்லாம் என்கிட்ட உண்டா, இல்லையா?"

டீச்சர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"இங்க அவர் கேட்டை அடைச்சுட்டுக் கொடியோட நிக்கார். வண்டி போகுது. அவர் எங்க பாக்கார்?"

"வண்டியைத்தான். எந்தப் பெட்டியிலயாவது புகை வருதா, ஏதாவது தொங்குதான்னு பார்க்கணும். அதான் ரூல்."

"ரூல் இருக்கட்டும். ஸ்தனிஸ்லாஸ் எங்க பார்ப்பார்?"

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் வண்டி போய்க்கொண்டிருந்தது.

"கால்" என்றார் மெதுவாக. "ஒரு கண் வண்டியில. ஒரு கண் கேட்டுக்கு வெளிய நிக்கிற ஜனங்க கால்ல. ஒரு செருப்பு முன்னால நகர்ந்தாப் போதும், தலையைத் தூக்காமலே பேரைச் சொல்லி அதட்டுவார். அந்த ஊர்ல எல்லார் செருப்பும் அவருக்குத் தெரியும் டீச்சர்."

 டீச்சர் கதையை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, அதன் மேல் பேனாவை வைத்தாள்.

"அது இதுல இல்லையே அண்ணாச்சி."