பிரகாசியம்மாள் இரண்டாம் முறை சொன்னது

"டீச்சர், நான் இன்னைக்கே கிளம்புறேன்" என்றார் நம்பி.

டீச்சர் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சரி" என்றாள்.

ஏன் என்று கேட்பாள் என நம்பி காத்து நின்றார். அவள் கேட்கவில்லை.

"அந்தம்மா முகத்துல இனி முழிக்க முடியாது டீச்சர்."

"எந்தம்மா?"

"பிரகாசியம்மா."

டீச்சர் ஒரு துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.

*

அழகியநம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது. பெங்களூரில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு அமைதி தேடி அலைந்தவர். ஒருநாள் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தார்.

டீச்சர் அவரைவிட மிகவும் இளையவள். முன்பு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தவள். இப்போது யார் வந்தாலும் அவர்களோடு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். வந்தவர்களில் சிலர் தங்கிவிடுவார்கள். நம்பியும் தங்கினார்.

டீச்சர் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் ஹார்ட் டிஸ்க் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. நம்பி தன் சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவைச் செருகினார். திரை விழித்துக்கொண்டது.

"ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டமே இதுக்குள்ள இருக்கு டீச்சர். எந்த கம்ப்யூட்டர்ல செருகினாலும் ஓடும். அணைச்சா, அதுவரைக்கும் செஞ்ச எல்லாத்தையும் மறந்துடும். திரும்பப் போட்டா அப்பதான் பிறந்த மாதிரி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். சேமிச்சு வைக்கிற மாதிரியும் அமைக்கலாம். நான்தான் வேணாம்னு விட்டிருக்கேன். மனசும் இப்படித்தான் இருக்கணும். எதுவும் ஒட்டக்கூடாது."

டீச்சர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் உலைக்கு அரிசி களைந்தாள்.

*

நேற்று மதியம் பிரகாசியம்மாள் வந்தாள். அவள் கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரே மகன் ஜஸ்டஸ் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை.

"அப்பா எப்படிப் போனாருன்னு கேக்கான் மக்ளே. போனுல சொல்ல வாயெடுத்தா அழுகைதான் வருது. நான் சொல்லுதேன், நீ எழுதி அவனுக்கு மெயிலு அனுப்பு."

அவள் வெயில் சாயும்வரை சொன்னாள். நடுவில் நெடுநேரம் பேசாமலும் இருந்தாள். நம்பி ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்தார். ரகரமும் றகரமும் மாறிவிடாமல் பார்த்துக்கொண்டார்.

முடித்தபோது இணையம் இல்லை.

"பத்திரமா இருக்குமா?"

"இருக்கும்மா. காலையில அனுப்பிடறேன்."

அவள் போனாள். நம்பி எப்போதும்போல் கம்ப்யூட்டரை அணைத்தார்.

காலையில் போட்டபோது திரை அப்போதுதான் பிறந்ததுபோல் இருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கையில் பிரகாசியம்மாள் வாசலில் நின்றாள். கையில், வாழை இலையில் பொதிந்த மரச்சீனிக் கிழங்கும் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பும்.

"போச்சா மக்ளே?"

நம்பி திரும்பினார்.

"போயிடுச்சும்மா."

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "தின்னு" என்றாள். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பி முழுவதையும் தின்றார்.

*

டீச்சர் இன்னொரு துணியை எடுத்தாள்.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"ஞாபகத்துல இருந்து நானே எழுதி அனுப்பிடலாம்னு உட்கார்ந்தேன். அவங்களுக்குத் தெரியவே வேணாம்னு."

"எழுதினீங்களா?"

"ரெண்டு வரிதான் வந்துச்சு."

"அவங்க சொன்னது ரெண்டு வரிதானா?"



"நான் கேக்கல டீச்சர். டைப் பண்ணிட்டிருந்தேன்."

சொன்னதும் அவருக்குக் காது மடல்வரை சுட்டது. டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல நினைத்தார். அதுவும் வரவில்லை.

உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு அந்தம்மா வீட்டு வழியாத்தான் போகணும்" என்றாள் டீச்சர்.

"சுத்து வழி ஏதும் இல்லையா?"

"இல்ல."

"நீங்களும் கூட வர்றீங்களா?"

"நான் எதுக்கு? நான் பொய் சொல்லலையே."

*

பிரகாசியம்மாள் வீட்டு முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவரையும் பையையும் பார்த்தாள்.

"ஊருக்கா மக்ளே?"

"அம்மா, மெயில் போகல."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நேத்து எழுதினது எல்லாம் அழிஞ்சு போச்சு. அணைச்சா அழிஞ்சிடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அணைச்சேன். காலையில உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

மீன் அவள் கையிலேயே இருந்தது.

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

"பொறவு அந்தக் கிழங்கைத் தின்னியே?"

"தின்னேம்மா."

அவள் மீனைச் சட்டியில் போட்டாள். கையைக் கழுவினாள். உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

நம்பி வெயிலில் நின்றார். போவதா நிற்பதா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். உள்ளிருந்து பிரகாசியம்மாள் தனக்குள் ஏசுவது கேட்டது. எல்லாம் அவரைப் பற்றித்தான். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது.

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு சாலையில் கடந்து போனது.

பிறகு ஏசுவது நின்றது. அவள் வெளியே வந்து ஒரு பலகையை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு."

நம்பி உட்கார்ந்தார். "அம்மா, இப்பவே போய் கம்ப்யூட்டரைப் போட்டு..."

"எழுத்து பொறவு. இப்பக் கேளு."

அவள் அவர் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"பொய் சொல்லிட்டியேன்னு உன்னை ஏசினேன். ஏச ஏச எனக்கே வாய் கூசிப்போச்சு."

நம்பி அவள் முகத்தைப் பார்த்தார். நேற்று ஒருமுறைகூட அவர் அதைப் பார்த்திருக்கவில்லை.

"நேத்து சொன்னேன்லா, செபம் சொல்லிக்கிட்டே உறங்கின மாதிரிப் போனாருன்னு. அப்படிப் போகல மக்ளே. மகன் மனசு நோவுமேன்னு சொன்னது. அவனை ஏசிக்கிட்டேதான் போனாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"ஏசுதப்பவும் கண்ணு வாசலைத்தான் பாத்துக்கிட்டு கிடந்துது."