முரசுக்காரரை நீக்கிய ஓலை

முன்னொரு காலத்தில், வாய்க்குப் பூட்டுப் போட்ட சபை ஒன்று இருந்தது. அமைச்சர்கள் பேசப் பேச அரசருக்குக் கொட்டாவி வந்தது. "இனி யாரும் பேச வேண்டாம். கொள்கையோ நியமனமோ, ஓலையில் எழுதிச் சபையில் வையுங்கள். யாரும் கேள்வி கேட்கக் கூடாது" என்று ஆணையிட்டுவிட்டார். அப்புறம் அமைச்சர்களுக்குக் கேட்கவா வேண்டும்? அவரவர் இஷ்டத்துக்கு எழுதித் தள்ளினார்கள்.

விகடகவி நல்லாண்டிக்குத்தான் திண்டாட்டம். பேச்சையே பிழைப்பாகக் கொண்டவர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டாலே தலைமை அமைச்சர் விசயநாதருக்கு ஆகாது.

ஒரு நாள் விசயநாதர் வைத்த ஓலையை நல்லாண்டி படித்தார். அரண்மனைச் செய்திகளை வீதிகளில் அறிவிக்கும் முரசுக்காரர் சடையன், நல்லாண்டியின் உயிர் நண்பர். குரல் கம்மிவிட்டதென்று அவரை நீக்கி, அந்த இடத்தில் தம் மைத்துனனை நியமித்திருந்தார் அமைச்சர். செய்தியைச் சடையனே முழங்க வேண்டுமாம். விதி வழுவாமல் நடக்கிறதா என்று நல்லாண்டி கூடவே போய்ப் பார்க்க வேண்டுமாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான்.

சடையனின் மனைவி படுத்த படுக்கை. எந்த வீதியில் கணவரின் குரல் கேட்கிறது என்பதை வைத்து, அவர் வீடு திரும்பும் நேரத்தை அறிந்துகொள்வாள். வேலை போனால் அவளுக்கு அந்த ஆறுதலும் போய்விடும், அடுப்பில் ஏறும் அரிசியும் போய்விடும். இதெல்லாம் நல்லாண்டிக்குத் தெரியும். ஆனால் சபையில் வாய் திறக்க வழியில்லையே.

கிழக்கு வீதியில் சடையன் முரசை அறைந்தார். "முரசுக்காரன் சடையன் இன்றோடு நீக்கம்" என்று தன் செய்தியைத் தானே சொன்னார். மைத்துனன் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது நல்லாண்டி முரசடிக்கும் குறுந்தடியைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க அண்ணே. நீக்கம்னா முரசு ஒலிச்ச அந்த நொடியே செல்லும். இப்ப நீங்க முரசுக்காரர் இல்ல. பதவியில இல்லாதவங்க முரசைத் தொட்டா சிறை."

"அப்ப மைத்துனரு நியமனத்த யாருங்க சொல்றது?"

"முரசுக்காரர்தான் சொல்லணும். அப்படி ஒருத்தர் இப்ப இந்த ஊர்ல இல்லையே" என்றார் நல்லாண்டி.

நியமனம் நான்கு வீதியும் கேட்ட பிறகே செல்லும். அதனால் மைத்துனனும் முரசைத் தொட முடியவில்லை. புது ஓலை எழுதினாலும் அதை முழங்க ஆளில்லை. இதைச் சபையில் சொல்லவும் ஒருவராலும் முடியவில்லை. முரசு மூலையில் கிடந்தது.

அரசரின் பிறந்த நாள் வந்தது. ஊருக்கே விருந்து. அண்டா அண்டாவாகச் சோறு ஆறிக்கொண்டிருக்க, ஒரு காக்கைகூட வரவில்லை.

"மக்களுக்கு என்மேல் என்ன கோபம்?" என்றார் அரசர்.

"கோபமில்லை, அரசே. அழைப்பே போகவில்லை" என்று நல்லாண்டி நடந்ததைச் சொன்னார். "விதி வழுவாமல் பார்க்கச் சொன்னார் அமைச்சர். பார்த்தேன்."

விசயநாதர் தலை குனிந்தார். அரசர் சடையனை அழைத்துவரச் செய்து, நீக்க ஓலையே செல்லாது என்று சொல்லி, வேலையைத் திருப்பிக் கொடுத்தார். முரசைச் சுமக்கும் வேலை மைத்துனனுக்குக் கிடைத்தது.

"பெரியவரே, உம்மை நீக்கும் செய்தியை நீரே ஏன் சொன்னீர்? மறுத்திருக்கலாமே" என்று கேட்டார் அரசர்.

"அரமனைச் சேதியில நல்லது கெட்டது பாத்துச் சொன்னதில்லீங்க சாமி. நீங்க பொறந்த சேதியையும் இந்த வாய்தான் சொல்லிச்சு."

அரசர் அரியணையிலிருந்து இறங்கி வந்தார். "அன்று என் பெயரை எப்படி முழங்கினீர்? ஒருமுறை சொல்லும், கேட்கிறேன்."

"அப்ப உங்களுக்குப் பேரே வைக்கலீங்களே. 'நம்ம வீட்ல புள்ள பொறந்திருக்கு, எல்லாரும் வாங்க'ன்னுதான் தெருத்தெருவாச் சொன்னேன்."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் முத்துமாலையை நல்லாண்டிக்குப் போட்டு, சபையில் யாரும் எதையும் கேட்கலாம் என்று அங்கேயே அறிவித்தார். பிறகு சடையனின் தோளைத் தொட்டு, "அதையே இன்றைக்கும் போய்ச் சொல்லும். சோறு ஆறுகிறது" என்றார்.