பொறுமையால் செய்த படகு

இதை எனக்கு முதலில் சொன்னது என் இளைய மகளின் வீட்டுக்காரர் பெனடிக்ட். போன குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து வந்து, கூடத்தில் உட்கார்ந்து ஓலையில் சிலுவை மடித்துக்கொண்டே சொன்னார். தவக்காலத்தில் இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்கு உறுத்தல்தான். இந்தக் கதையில் வருகிறவர்களைப் படைத்த ஆண்டவரே சிரிக்காமலா இருந்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அசமந்தபுரம் ஒரு கடற்கரை ஊர். அங்கே கோயிலுக்குப் பின்னால் சந்தியாகு என்ற பையன் வீடியோ கேம் கடை வைத்திருந்தான். அவனுக்கு மூன்று கூட்டாளிகள்: லூர்து, கித்தேரியான், மரியசெல்வம். ஊரில் மற்றவர்கள் கடலுக்குப் போவார்கள். இவர்கள் டிவிக்குள் இருக்கிற கடலுக்குப் போவார்கள். நனையாமல் திரும்பி வருகிற அளவுக்கு அவர்களுக்கு அறிவு இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அவர்களுக்கு உயிரான கேம் ஒன்று உண்டு. புயலில் படகு ஓட்டுகிற கேம். அதன் முதல் பாகத்தை அவசரமாகச் செய்து விற்றுவிட்டார்களோ என்னவோ, படகு சில நேரம் கடலை விட்டுக் கரையேறி, பனைமரத்தில் ஏறி, உச்சியில் போய் நின்றுவிடும். இரண்டாம் பாகம் கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் கம்பெனிக்காரன் போனில் ஓர் அறிவிப்புப் போட்டான். "வெளியீட்டைத் தள்ளி வைக்கிறோம். உங்கள் பொறுமைதான் இந்த விளையாட்டை நல்லதாக்குகிறது."

எல்லாக் கம்பெனிக்காரனும் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தைதான். நம்முடைய அறிவாளிகள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.

"அப்ப கேமைச் செய்யிறது அவன் இல்ல, நாமதான்" என்றான் லூர்து.

"நாம என்னத்தல செய்யிறோம்?" என்றான் கித்தேரியான்.

"பொறுமை. அதான் போட்டிருக்கானே."

அன்றிலிருந்து கடையில் யாருக்கும் விளையாட்டுக் கிடையாது. அணைத்துப் போட்ட டிவிக்கு முன்னால் நான்கு நாற்காலி போட்டு நான்கு பேரும் பொறுமையாக உட்கார்ந்தார்கள். கித்தேரியான் முதுகைச் சொறிந்தால் லூர்து அதட்டுவான். "ஏல, அசையாத. படகு கோணலாயிரும்."

மரியசெல்வம் மட்டும் ஒருநாள் கேட்டான். "மக்கா, தள்ளிப் போடுறது விளையாடுறவனுக்கு நல்லதா கெட்டதா? எனக்கு வயசாயிட்டே போவுது. கண்ணு மங்கின பிறகு வந்தா படகு எங்க தெரியும்?"

"கெட்டதுன்னு எப்படிச் சொல்லுவ?" என்றான் கித்தேரியான். "சீக்கிரம் வந்தா சீக்கிரம் முடிச்சிருவோம். அப்புறம் ஆயுசுக்கும் என்னல செய்யிறது?"

"அவசரமா வந்த முதல் பாகத்துல படகு பனையேறிச்சு" என்றான் சந்தியாகு. "தள்ளிப் போட்டா ஏறாது. அதனால நல்லது."

"எனக்குப் பிடிச்சதே அது பனையேறினதுதான்" என்றான் மரியசெல்வம்.

எல்லாருக்கும் பிடித்ததே அதுதான். வெகுநேரம் யோசித்து, இப்படி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: எதைத் தள்ளிப் போட்டாலும் அது நன்றாக வரும், வராவிட்டால் போதுமான அளவு தள்ளிப் போடவில்லை என்று அர்த்தம்.

அதன் பிறகு அந்த ஊருக்கு நல்ல காலம் பிறந்தது. கித்தேரியானிடம் அவன் அம்மா மீனைக் கழுவி வைக்கச் சொன்னாள். அவன் நன்றாக வரட்டும் என்று தள்ளி வைத்தான். மீன் தன் பங்குக்கு அடுத்த தெரு வரைக்கும் போய்த் தன் வரவை அறிவித்தது. "இன்னும் முழுசா வரலம்மா" என்றான். அவளுக்கோ வயிற்றிலிருந்து முழுசாக வந்தது.

லூர்துவை அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவன் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மரியசெல்வம் டவுனுக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றான். வந்த பஸ்ஸைவிட அடுத்த பஸ் நன்றாக இருக்கும் என்று விட்டான். அடுத்ததையும் அதே நியாயப்படி விட்டான். கடைசி பஸ் போன பிறகு நடந்தே போய், "இன்னைக்கு பஸ்ஸு ரொம்ப நல்லா வந்திருக்கும்" என்றானாம்.

இதோடு நின்றிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். சந்தியாகுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பேர் ஜெனிட்டா, டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். தாயில்லாப் பிள்ளை. அவள் அப்பா ஆரோக்கியநாதனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, கல்யாணம் முடிந்த மறுநாளே விமானம். போனால் லேசில் திரும்ப முடியாது. அப்பா பக்கத்தில் நிற்க மாலை போட வேண்டும் என்பது தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு ஆசை இல்லை.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று எல்லாரும் கேட்கச் சாமியார் அறிவிப்பார். "தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடிப்பார். காலங்காலமாக வாசிக்கிறார்கள். காலங்காலமாக ஜனங்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாம் ஓலை வாசித்ததும் மூன்று கூட்டாளிகளும் எழுந்து நின்றார்கள்.

"என்னப்பா?" என்றார் சாமியார்.

"கடமைப்பட்டிருக்கோம் சாமி" என்றான் லூர்து. "மாப்பிள்ளை இன்னும் தயாராகலை."

"தயாராகலைன்னா?"

"கூப்பிட்டா பதில் வர நேரமாகுது."

"பேசிக்கிட்டிருக்கும்போதே அப்படியே நின்னுருவான் சாமி" என்றான் கித்தேரியான்.

"அவன் வீட்டு வாசப்படியிலயே தினம் தட்டி விழுறான்" என்றான் மரியசெல்வம். "பிறந்ததுலேருந்து அதே படி."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதெல்லாம் தடைன்னா, இந்தப் பங்குக் கோயில்ல ஒருத்தனுக்கும் நான் கல்யாணம் முடிச்சு வச்சிருக்க முடியாதே."

பெண்கள் பக்கம் ஆமோதிக்கிற மாதிரி ஒரு முனகல் எழுந்தது. அப்போது சந்தியாகுவே எழுந்தான்.

"அவங்க சொல்றது சரிதான் சாமி. தள்ளிப் போட்டா நல்லா வருவேன். ஜெனிட்டாவுக்கு நல்லதாத்தானே குடுக்கணும்."

அவன் அதை மனசாரத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. ஆரோக்கியநாதன் சட்டைப் பையில் இருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்ததும் ஜெனிட்டா நேராகக் கடைக்கு வந்தாள். நான்கு பேரும் அணைந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, டிவியை மறைத்த மாதிரி எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன செய்யிறீங்க?"

"பொறுமையா இருக்கோம் தங்கச்சி" என்றான் லூர்து.

"தள்ளிப் போட்ட கம்பெனிக்காரன் என்ன செஞ்சுக்கிட்டிருக்கான்?"

"அவன் பாவம், ராப்பகலா வேலை பார்க்கிறான்."

ஜெனிட்டா சந்தியாகுவைக் காட்டினாள். "இவங்களைத் தள்ளிப் போட்டா ராப்பகலா வேலை பார்க்கப் போறது யாரு?"

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்படி ஓர் ஆள் தேவைப்படும் என்று அவர்கள் நினைக்கவேயில்லை.

"சரி, அதை விடுங்க அண்ணே" என்றாள் ஜெனிட்டா. "முதல் பாகத்துல உங்களுக்குப் பிடிச்சது எது?"

"படகு பனையேறினது" என்றார்கள் ஒரே குரலில்.

"எனக்கு இவங்க வாசப்படியில தட்டி விழுறதுதான் பிடிச்சிருக்கு. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு எங்க வீட்டுப் படியிலயும் விழுந்தாங்க. கையில இருந்த பழத்தட்டை மட்டும் கீழ விடல. அதைப் பார்த்துத்தான் சரின்னு சொன்னேன். நீங்க தள்ளிப் போட்டுத் திருத்திட்டா, அந்த ஆளுக்கு நான் எங்க போவேன்?"

சந்தியாகு எழுந்து வந்து அவளுக்கு முன்னால் நின்றான். பதில் வர நேரமானது. அவள் காத்திருந்தாள்.

"இப்படியே போதுமா?" என்றான்.

"இப்படியே போதும். மீதியை வாராவாரம் நானே திருத்திக்கிறேன். கேமுக்கும் அப்படித்தானே அப்டேட் போடுறான்?"

"போடுறான், போடுறான்" என்றான் கித்தேரியான் மரியாதையோடு.

குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா என்று சாமியார் கேட்டபோது, பதில் நன்றாக வரட்டும் என்று சந்தியாகு கொஞ்சம் பொறுத்தான். ஆரோக்கியநாதன் அவன் காதில், "மாப்பிள்ளை, விமானம் நாளைக்குத்தான். ஆனா நாளைக்குப் போயிரும்" என்றார். சம்மதம் உடனே வந்தது. பெரிய மனுஷர் அழுதுகொண்டே மகளை ஆசீர்வதித்து, மறுநாள் நிம்மதியாகக் கப்பல் ஏறுகிற ஆள் மாதிரி எல்லாருக்கும் கையசைத்து விமானம் ஏறினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அந்த வாரமே கேமின் இரண்டாம் பாகம் கொரியரில் வந்தது. நான்கு பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் பிரிக்கவில்லை.

"இவ்வளவு பொறுத்ததுக்கே வந்து சேர்ந்துட்டு" என்றான் மரியசெல்வம். "பிரிக்காம இன்னும் கொஞ்சம் பொறுத்தா எவ்வளவு நல்லா வரும்?"

எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. பெட்டிக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று நாற்காலிகளைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, பொறுமையைத் தொடர்ந்தார்கள். ஜெனிட்டா ஜவுளிக்கடையிலிருந்து வந்து, முகம் கழுவி, பெட்டியைப் பிரித்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தாள். சில நாளில் கடைசிப் புயலையும் தாண்டிவிட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான் லூர்து.

"நல்லா இருக்கு அண்ணே. படகு ஒரு தடவைகூட பனையேறல."

நான்கு பேரும் தலையைத் திருப்பாமலே ஒருவர் கையை ஒருவர் தேடிப் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். தாங்கள் செய்த கேம் அல்லவா.

அவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றுதான் பெனடிக்ட் சொல்கிறார். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எப்போதாவது அசமந்தபுரம் பக்கம் போனால், அந்தக் கடைக் கதவை மெதுவாகச் சாத்துங்கள். மூன்றாம் பாகத்துக்கான படகு இப்போதுதான் பாதி வந்திருக்கிறதாம்.