செவ்வாற்றின் பழைய படுக்கை

முன்னொரு காலத்தில், செவ்வாறு பாயும் நெடுவயல் நாட்டைப் பரிதிவளவன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதையே மறுப்பான். அவன் நாடோ நிதானமானது. ஆற்றுக்கு இருபுறமும் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல். காற்றடித்தால் பள்ளத்தாக்கே தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல இருக்கும்.

ஒரு வருஷம், அறுப்புக்குப் பதினைந்து நாள் இருக்கையில், வடக்கத்தி அரசன் யானைப்படையோடு வருவதாகச் சேதி வந்தது. எதிரிக்கு ஒரு மணி நெல்லும் கிடைக்கக் கூடாது, வயல்களைக் கொளுத்திவிட்டுக் கோட்டைக்குள் புகுந்துகொள்ளலாம் என்றான் சேனாதிபதி உத்தமராயன். அரசனும் தலையாட்டிவிட்டான்.

பறையறிவிப்பைக் கேட்ட பொன்னாத்தி, இடுப்பில் சொருகிய சேலையை அவிழ்க்கக்கூட மறந்து அரண்மனைக்கு ஓடினாள். ஆற்று மடைகளைத் திறந்து மூடுவது அவள் வேலை. தீ வைக்க வேண்டாம், ஈட்டி தூக்காமலே எதிரியை நிறுத்திக் காட்டுகிறேன் என்று அரசனிடம் கேட்டுக்கொண்டாள்.

உத்தமராயன் சிரித்தான். “மடை திறக்கிறவளுக்குப் போரைப் பற்றி என்ன தெரியும்?”

“எப்போ திறக்கணும், எப்போ மூடணும்னு தெரியுங்க. போருக்கும் அதானே வேணும்?”

அவை சிரிப்பில் குலுங்கியது. அரசனுக்கு வேடிக்கையாகிவிட்டது. மூன்று நாள் தருகிறேன், தோற்றால் உன் ஊரே பள்ளத்தாக்கை விட்டுப் போக வேண்டும் என்றான். சேனாதிபதிக்கு முகம் கறுத்தது.

வயல்களுக்கு நடுவே ஒரு பெரிய புல்வெளி உண்டு. நூறு வருஷத்துக்கு முன்பு செவ்வாறு அந்த வழியாகத்தான் ஓடியது. பிறகு திசை மாறிவிட்டது. மேலே பாய் விரித்ததுபோல் புல், அடியில் முழுக்க ஆற்று மணல். பொன்னாத்தி அந்தப் பக்கத்து மடையைத் திறந்தாள். நீர் சத்தமில்லாமல் மணலுக்குள் இறங்கியது. வெறுங்காலில் நின்று பார்த்தாள். பூமி ஆழத்தில் எங்கோ மூச்சு விடுவதுபோலிருந்தது.

மூன்றாம் நாள் மாலை வடக்கத்திப் படை வந்தது. நெல்லை மிதித்தால் அவர்களுக்கே சோறில்லை. எங்கே கூடாரம் அடிக்கலாம் என்று தளபதி ஒருவன் பொன்னாத்தியைக் கேட்டான்.

“அந்தப் புல்வெளியில மட்டும் இறங்காதீங்க. அது ஆத்தோட பழைய படுக்கை. உள்ளே இழுத்துக்கும்.”

தளபதி அவளை ஏற இறங்கப் பார்த்தான். நல்ல இடத்தை மறைக்கப் பார்க்கிறாள் என்று படை முழுவதையும் அங்கேயே இறக்கினான்.

சேதி அறிந்த உத்தமராயன், அவள் எதிரியை எச்சரித்துவிட்டாள், துரோகி என்று கொதித்தான். விடிந்ததும் அரசன் அவளைக் கோட்டை மதிலுக்கு வரவழைத்தான்.

“உண்மையா, சொன்னாயா?”

“சொன்னேங்க. பகையாளி ஊர்க்காரி சொல்ற உண்மையை யார் நம்புவாங்க, அரசே?”

கீழே பனிமூட்டம் பால்போல் பரவிக் கிடந்தது. அது மெல்ல விலகியது. யானைகள் முழங்கால்வரை புதைந்து, கனவில் நிற்பவைபோல் அசையாமல் நின்றன. கூடாரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கொஞ்ச நேரத்தில் வடக்கத்தி அரசனின் தூதன், இடுப்புவரை சேறோடு, கயிறும் பலகையும் வைக்கோலும் கேட்டு வந்தான். ஆயுதத்தைப் போட்டால் தருகிறோம் என்றாள் பொன்னாத்தி. போட்டார்கள்.

அரசன் அவளை ஆற்று நீருக்கெல்லாம் அதிகாரியாக்கினான். புதைந்த யானைகளை எல்லாம் இழுத்தெடுத்து முடிப்பதற்குள் அறுப்பும் வந்துவிட்டது. உத்தமராயனிடம், கொளுத்தச் சொன்ன கையாலேயே அறுத்துக் கொடு என்று அரிவாளைக் கொடுத்தான். முதல் நாளே அவன் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

மண்ணிலிருந்து மீண்ட வடக்கத்தி வீரர்கள் வரப்பில் உட்கார்ந்து அவன் அறுப்பதைப் பார்த்தார்கள். அவர்களும் ஊரில் உழுகிறவர்கள்தான். அவன் நெல் தாளைப் பிடித்த அழகைப் பொறுக்கமுடியாமல் ஒருவன் எழுந்து வந்து அரிவாளை வாங்கிக்கொண்டான். பின்னாலேயே இன்னும் பத்துப் பேர் இறங்கினார்கள். நெடுவயல் நாட்டில் அந்த வருஷம் அறுப்புக்கு ஆள் பஞ்சமே இல்லை.