வாசற்படியில் முனியம்மாள்

துணிக்கடைகளுக்குப் பொம்மை செய்து பிழைத்துவந்த பொன்னுரங்கம், நடுவயதில்தான் சிற்பி செங்கமலத்திடம் சீடராகச் சேர்ந்தார். குரு அவரைவிட இளையவர். சீடர் "டீச்சர்" என்பார். குரு "அண்ணே" என்பார்.

செங்கமலம் சிலிக்கோன் ரப்பரில் செய்யும் மனிதர்களுக்குத் தோலடியில் நரம்பு ஓடும், நகக்கண்ணில் அழுக்கு இருக்கும். அந்த வருடம் செய்தது, கலைக்கூடத்துத் தெருவைக் கூட்டும் முனியம்மாளை. தலைமுடியையும் புருவத்தையும் ஒவ்வொரு மயிராக நட்டவர் பொன்னுரங்கம். கண்காட்சியன்று, கால் நீட்டி அசந்து உட்கார்ந்திருக்கும் அந்தச் சிலையை செங்கமலம் வாசற்படியிலேயே வைத்துவிட்டார்.

திறந்துவைக்க வந்த பிரமுகருக்குக் காரைவிட்டு இறங்கியதுமே பொன்னாடை போர்த்தினார்கள். படியேற வந்தவர் முகம் சுளித்தார்.

"ஏய், எந்திரி. உக்கார வேற எடம் கெடைக்கலையா?"

பதில் இல்லை. செருப்புக் காலால் இடுப்பில் ஒரு தள்ளு தள்ளினார். விறைப்பாக அப்படியே சாய்ந்தபோதுதான் அது சிலை என்று அவருக்கு விளங்கியது. பதறிப்போய்த் தானே குனிந்து நிமிர்த்தினார். இப்படி ஒரு கலையைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். தன் பொன்னாடையை எடுத்துச் சிலைக்குப் போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

செங்கமலம் பொன்னாடையை உருவி, மடித்து, பிரமுகர் கையிலேயே கொடுத்தார்.

நிர்வாகி ஓடி வந்தார். சிலையை உள்ளே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாம் என்று கெஞ்சினார். முடியாது என்றார் செங்கமலம். அப்படியானால் இனிமேல் இந்தக் கூடத்தில் உங்களுக்கு இடமில்லை என்றார் நிர்வாகி.

"சரி."

சொல்லிவிட்டு, சிலைக்குப் பக்கத்திலேயே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார் செங்கமலம். வந்தவர்களைப் பக்கவாட்டு வழியாக அழைத்துப் போனார்கள்.

பொன்னுரங்கத்துக்கு மனசு ஆறவில்லை. கிடைத்த மரியாதையை இப்படியா திருப்பிக் கொடுப்பது? அருகில் போய்க் குனிந்து கேட்டார்.

"நெசமான மனுஷின்னே நம்பிட்டாரே டீச்சர். நம்ம கலைக்கு இதைவிட என்ன வேணும்?"

சிலையின் சேலையில் செருப்புத் தடம் அப்படியே இருந்தது. செங்கமலம் அதைத் துடைக்கவில்லை.

"மனுஷின்னு நம்பித்தாண்ணே காலால தள்ளுனாரு. பொன்னாடை போத்துனது சிலைக்கு."

பொன்னுரங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சிலையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.