பவளத்துக்குக் கை கிடையாது

“டீச்சர், வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாப் போதுமுங்க?”

“குதிரை எத்தனைங்கண்ணா?”

“ஒண்ணுதான்.”

“அப்புறமென்ன!” என்று ஜமீலா நடந்துகொண்டே இருந்தாள்.

பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கோபிப் பக்கம் குதிரை பழக்கும் ஜமீலாவுக்கு இருபத்தேழு. விசைத்தறியை மகனிடம் விட்டுவிட்டு, “எனக்குக் குதிரை கத்துக்கொடுங்க” என்று போய் அவள் முன்னால் நின்றவர் அவர். ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே! கற்றுக்கொடுப்பதற்கு நரைத்த தாடியா வேண்டும்?

இப்போது அவரிடம் பவளம் இருந்தாள். காது நுனி இரண்டும் வளைந்து ஒன்றையொன்று தொடும் செந்நிறப் பெட்டைக் குதிரை. அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு மூன்றே நாள். அங்கே அவளை நடத்திக் காட்டப்போகும் நினைப்பிலேயே இரண்டு வாரமாகப் பொன்னுரங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் பவளம் வண்டி ஏற மறுத்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், வாடகைக்கு எடுத்த மினி லாரியில் போனபோது, பவானி வளைவில் போட்ட பிரேக்கில் முன்னங்கால் மடங்கி விழுந்தாள். முட்டித் தோல் உரிந்துபோயிற்று. அன்றிலிருந்து வண்டியைக் கண்டாலே நான்கு காலையும் ஊன்றிக்கொள்வாள்.

“ஓட்டை வண்டிங்க அது” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார் பொன்னுரங்கம். சொன்னதோடு நிற்கவில்லை. பட்டறையில் சொல்லி, கூரை போட்ட குதிரை டிரெய்லர் ஒன்று செய்து வாங்கினார். அதை இழுக்க ஒரு பழைய பிக்கப் வேண்டும். பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் டிரெய்லரைக் கட்டி, ஜமீலாவையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்கே வந்துவிட்டார்.

ஜமீலா வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“இன்னொருக்கா விழுந்தா, அப்புறம் எந்த வண்டியிலயும் ஏற மாட்டா. நம்மளையும் நம்ப மாட்டா.”

பழைய வண்டி விற்கிற இடத்தில், பின்னால் கொக்கி வைத்த பிக்கப் மூன்று நின்றன. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, சாம்பல் நிறத்தில் நீளமாக ஒன்று.

“செவப்ப எடுங்க சார். மலையையே இழுக்கும்!” என்றார் வியாபாரி.

“பிரேக் எப்பப் பாத்ததுங்க?” என்று ஜமீலா கேட்டாள்.

“போன மாசம்தான் சார்” என்று பொன்னுரங்கத்திடம் பதில் சொன்னார் வியாபாரி.

“கேட்டது அவங்கய்யா.”

“மகளுங்களா சார்?”

“குரு.”

வியாபாரி சிரித்தார். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. வியாபாரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஜமீலா டிரெய்லரின் பின்கதவைத் திறந்தாள்.

“ஏறுங்கண்ணா.”

“நானுங்களா?”

“பவளத்த ஏத்தி மூணு வண்டியையும் சோதிக்கவா முடியும்?”

ஏறினார். உள்ளே இரும்புக் கம்பி இருந்தது. இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கைய எடுங்க.”

“விழுந்திருவேனுங்க டீச்சர்!”

“பவளத்துக்குக் கை கிடையாது.”

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பொம்பளப்புள்ள... டிரெய்லர் மாட்டி ஓட்டுமா சார்?” என்று வியாபாரி கேட்டு முடிப்பதற்குள் அவர் கையில் இருந்த சாவி ஜமீலாவின் கைக்குப் போயிருந்தது.

டிரெய்லரை மாட்டிக்கொண்டு சிவப்பு வண்டி புறப்பட்டது. ஒவ்வொரு கியருக்கும் பொன்னுரங்கத்தின் முதுகு பின்கதவில் போய் மோதியது. மலையை இழுக்குமோ என்னவோ, மனுசனை உலுக்கியது.

“எப்படி?”

“வேண்டாமுங்க.”

வெள்ளை வண்டி பூப்போலக் கிளம்பியது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரயில்வே கேட் இறக்கத்தில் ஜமீலா பிரேக்கை மிதித்தாள். டிரெய்லர் தன் கனத்தால் முன்னால் போகிற வண்டியைத் தள்ளியது. காலுக்குக் கீழே தரை இடதும் வலதுமாக ஓடியது. பொன்னுரங்கம் மண்டி போட்டு விழுந்தார். வேட்டி முட்டியில் கிழிந்தது.

இறங்கி நின்று அந்த முட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இங்கதானுங்க டீச்சர். அவளுக்கும் இங்கயேதான்.”

ஜமீலா சாம்பல் நிற வண்டியில் டிரெய்லரை மாட்டினாள்.

அது இருமிக்கொண்டு கிளம்பியது. அதே மேடு, அதே வளைவு, அதே ரயில்வே கேட் இறக்கம். பிரேக் விழப்போகிறது என்று பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். கதவு திறந்தபோதுதான் வண்டி நின்றுவிட்டது என்பதே தெரிந்தது.

குதித்தார்! ஐம்பத்திரண்டு வயசுக்காரர், கிழிந்த வேட்டியோடு ஓடிப்போய் அந்தப் பழைய வண்டியின் மூக்கைக் கட்டிக்கொண்டார்.

“இதுதானுங்க! இதேதான்! பின்னால கட்டுன கை கட்டுனபடியே இருக்குதுங்க!”

“கிழட்டு வண்டி சார் அது. பாரம் ஜாஸ்தி, வேகம் வராது” என்றார் வியாபாரி.

“அந்தப் பாரம்தான்யா வேணும்! டிரெய்லர் தள்ளுனா அசையக் கூடாதல்ல?” அவருக்கு வார்த்தை ஒவ்வொன்றும் துள்ளிக்கொண்டு வந்தது. “வேகம் எவனுக்கு வேணும்?”

சாயங்காலத்துக்குள் காகிதமெல்லாம் முடிந்தது. வியாபாரி இந்த முறை சாவியை நேராக ஜமீலாவிடம் நீட்டினார். அவள் அதைப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தாள்.

அவர் ஒரே தாவில் இருக்கையில் ஏறினார். ஸ்டீயரிங்கைத் தடவினார். ஹாரனை ஒரு முறை அடித்துப் பார்த்தார். நாளைக்கே பவளத்தை ஏற்றிப் பழக்கலாம். அந்தியூர் வரைக்கும் அவள் நின்றபடியே வருவாள்! கண்ணாடியில் பார்த்தார். ஜமீலா டிரெய்லருக்குள் ஏறிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர்! அங்க எதுக்குங்க? முன்னால வாங்க!”

“மூணு வண்டியும் பாத்தாச்சு. இன்னொண்ணு பாக்கோணுமல்ல?”

“இன்னொண்ணு ஏதுங்க?”

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவில் நின்றாள்.

“அண்ணா, அன்னிக்கு அந்த வாடகை லாரிய ஓட்டுனது யாரு?”

இரண்டு மாதத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. பொன்னுரங்கத்தின் காது மடல் சுட்டது.

வியாபாரி பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

பொன்னுரங்கம் குனிந்தார். செருப்பு இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலை மெதுவாக எடுத்து பிரேக்கின் மேல் வைத்தார்.